மாறுகண்

ஓர் ஆங்கிலக் கவிதையை மொழிபெயர்க்கும்போது ‘ஸ்க்விண்ட்’ என்ற சொல் வந்தது. வெயிலில் நிற்கும் கிழவனைப் பற்றிய வரி. யோசிக்காமல் ‘மாறுகண்’ என்று எழுதிவிட்டேன். படித்த நண்பர், “கிழவன் கண்ணை இடுக்கிப் பார்க்கிறான், அவ்வளவுதானே?” என்றார். தவறு என்னுடையதுதான். அது ஏன் அப்படி விழுந்தது என்பதற்கு அகராதி போதவில்லை.

ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்லுக்கு வேலை அதிகம். கண் விலகியிருப்பது, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்குவது, ஓரக்கண்ணால் பார்ப்பது எல்லாம் அதுவே. இடைக்கால மாதாகோயில்களில், பீடம் தெரியாத இடத்தில் நிற்பவர்களுக்காகச் சுவரில் சாய்வாகக் குடைந்த துவாரத்துக்கும் அதே பெயர். உடுப்பியில் கனகதாசர் பெயரால் வழங்கும் ஜன்னலை இதோடு சேர்த்து நினைக்கலாம். திருப்புங்கூரில் நந்தனுக்காக நந்தி விலகியதாகக் கதை. சுவர் விலகவில்லை.

தமிழ் இவற்றைத் தனித்தனியே வைத்திருக்கிறது. இடுக்குவது ஒரு செயல். மாறுகண் ஒரு நிலை. ஓரக்கண்ணில் ஓர் எண்ணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வாக்குக்கண் என்பார்கள். தெருவுக்கு ‘ஒன்றரைக்கண்’ போதும். சைதாப்பேட்டையில் எங்கள் தெரு என் தங்கையை அப்படித்தான் கூப்பிட்டது. அம்மா மட்டும் ‘அதிர்ஷ்டக்கண்’ என்றாள். வசவைவிட அந்தப் பிரியமான சொல்தான் தீங்கு செய்தது. விலகிய கண் அனுப்பும் பிம்பத்தைக் குழந்தையின் மூளை ஒதுக்கிவிடக்கூடும். சிறுவயதிலேயே கவனிக்காவிட்டால் அந்தக் கண்ணின் பார்வை நிரந்தரமாக மங்கிவிடலாம். தங்கைக்கு மங்கிவிட்டது. 1819ல் தொடங்கிய அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி எழும்பூரில் இருக்கிறது. சைதாப்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் ஐந்தாவது ஸ்டேஷன். நாங்கள் போகவில்லை. அதிர்ஷ்டத்துக்கு யாராவது வைத்தியம் பார்ப்பார்களா?

அம்மாவை மட்டும் சொல்லிப் பயனில்லை. தங்கை இரண்டாம் வகுப்பு படித்தபோது நான் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். ‘கிங் லியர்’ பாடம். கண்ணிழந்த கிளாஸ்டரிடம் சித்தம் கலங்கிய லியர் பேசும் இடத்தில் இந்தச் சொல்லை ஒட்டிய ஒரு சொல் வருகிறது. அதன் அர்த்தத்தைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துவைத்து மனப்பாடம் செய்தேன். அதே அறையில், ஸ்லேட்டை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து அவள் எழுதிக்கொண்டிருப்பாள். அந்தச் சாய்வுக்கு அர்த்தம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கவிதையில் ‘கண்ணை இடுக்கி’ என்று திருத்திவிட்டேன். நண்பர் சரி என்றார். மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை சரிதான்.