சின்னக் கேள்வி கேட்கப் பழகுதல்

நீலகிரியில் பந்தலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளிடம் "உங்க தாத்தா எந்த ஊரு?" என்று கேட்டால் நிறையப் பேர் "சிலோன்" என்பார்கள். சிலோனில் எங்கே என்றால் தயக்கம் வரும். ஒன்றிரண்டு பேர் "கண்டிப் பக்கம்" என்பார்கள். எப்போது வந்தார்கள், ஏன் வந்தார்கள், என்ன கொண்டுவந்தார்கள் என்பது வீட்டில் யாரும் கேட்காததால் யாரும் சொல்லாத சேதி.

பெரிய கணக்கெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. 1948இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று பிரித்தது. விடுபட்ட ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள், ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள், மண்டபம் முகாமில் தங்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே பின்னர் டேன்டீ என்னும் அரசுத் தேயிலைக் கழகம் ஆனது.

இந்தத் தோட்டப் பிள்ளைகளை வைத்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடத்துகிறார். பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் கதையைப் பதிவுசெய்து, எழுதி, சின்னப் புத்தகமாக்க வேண்டும். இந்த வேலையைக் கற்றுக்கொள்ள நான் அவரிடம் சேர்ந்தேன். எல்லோருக்கும் அவர் சார், பிள்ளைகளுக்கு நான் அக்கா.

சார் முதலில் கற்றுக்கொடுப்பது கேள்வி. பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து கேள்வி எழுதி வருவார்கள். "உங்கள் இளமைக்காலம் எப்படி இருந்தது?", "நீங்கள் பட்ட துன்பங்கள் யாவை?" என்று பெரும்பாலும் வினாத்தாள் மொழியில் இருக்கும். சார் எதையும் அடிக்கமாட்டார். "போய்க் கேட்டுட்டு வா" என்று அனுப்பிவிடுவார். அடுத்த வாரம் எல்லோரும் ஒரே பதிலோடு வருவார்கள்: "என்னத்தச் சொல்ல, எல்லாம் கஷ்டந்தான்."

அப்புறம்தான் பாடம் ஆரம்பிக்கும். கையால் தொட்ட பொருள், காலால் நடந்த வழி, வாயால் தின்ற பண்டம், இந்த மூன்றைப் பற்றி மட்டும் கேட்கச் சொல்வார். "லயத்துல அடுப்பு எந்தப் பக்கம் இருந்துச்சு?" (லயம் என்பது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு.) எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் அப்பாயியிடம் இதைக் கேட்டபோது நான் கூட இருந்தேன். கிழவி விரலால் தரையில் கோடு போட ஆரம்பித்தாள். இது அடுப்பு, இது விறகு அடுக்கிற இடம், இங்கே மாமனார் படுப்பார், இந்த மூலையில்தான் உன் பெரியப்பன் பிறந்தான், அன்றைக்கு மழை, மருத்துவச்சி வர நேரமாயிற்று. 'எப்படி இருந்தது' என்ற கேள்விக்கு ஒரு வரியில் முடிந்த வாழ்க்கை, அடுப்பு இருந்த பக்கத்தைக் கேட்டதும் அரை மணி நேரம் ஓடியது.

பெரிய கேள்விக்குப் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள், சின்னக் கேள்விக்கு நினைவைத் தேடிப் போகிறார்கள். இதைச் சார் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. அவர் வகுப்பில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குப் பிடிபட்டது.

அடுத்தது பதிவு. அம்மா அல்லது அப்பாவின் கைபேசிதான் கருவி. விமானப் பயன்முறையில் போட வேண்டும், இல்லாவிட்டால் கதையில் கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது யாராவது கூப்பிடுவார்கள். தகர மேசைமேல் வைத்தால் அதிர்வும் சேர்ந்து பதியும், மடித்த துண்டின்மேல் வைத்துப் பேசுகிறவர் பக்கம் நகர்த்த வேண்டும். தொலைக்காட்சியை அணைக்க வேண்டும். தகரக் கூரையில் மழை விழுந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. பொத்தானை அழுத்தியதும் தேதி, இடம், பேசுகிறவர் பெயர், கேட்கிறவர் பெயர், "பதிவு பண்ணலாமா?" என்ற கேள்வி, அவர் வாயாலேயே சம்மதம். அதற்குப் பிறகுதான் கதை. முடிந்ததும் இன்னொரு இடத்தில் நகல் எடுத்து, கோப்புக்குத் தேதியும் ஊரும் வருகிற மாதிரிப் பெயர் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பாமல் குரல்செய்தியாகவே பதிவு செய்தால் ஒலியின் தரம் குறைந்துவிடும் என்பதால் அந்த வழி கூடாது.

இதில் பிள்ளைகளுக்குக் கடினமானது வாயை மூடிக்கொண்டிருப்பது. பேச்சு நின்றதும் அடுத்த கேள்விக்குத் தாவுவார்கள். மனதுக்குள் பத்து எண்ணச் சொல்வார் சார். ஏழு, எட்டு வருவதற்குள் பெரியவர் தானாகத் தொடர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆண்டு கண்டுபிடிக்கிற வேலை. பெரியவர்கள் வருஷத்தை எண்ணாகச் சொல்வதில்லை. "பாணுக்கு (ரொட்டிக்கு) வரிசையில நின்ன காலம்" என்பார்கள். அது பெரும்பாலும் 1973, 74. சிறிமாவோ ஆட்சியில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களை வதைத்த சமயம், பட்டினிச் சாவுகள் நேர்ந்த சமயம். 'எப்படியாவது இந்தியா போய்விடலாம்' என்று பல குடும்பங்கள் முடிவெடுத்தது அப்போதுதான். "எம்ஜிஆர் செத்தப்போ இந்த லைனுக்கு வந்தோம்" என்றால் 1987 டிசம்பரை ஒட்டி. இந்திரா காந்தி இறந்தது என்றால் 1984. சார் ஒரு பெரிய தாளில் இப்படி நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதி ஒட்டியிருக்கிறார். பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கல்யாணம், பிரசவம், சாவு எல்லாவற்றையும் அதன் பக்கத்தில் பென்சிலால் குறிப்பார்கள்.

ஒரு பையனின் தாத்தா கப்பலில் வந்தது 1986 என்றார். தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பல் 1984லேயே நின்றுவிட்டது. தாத்தா தப்பாகச் சொல்கிறார் என்று பையன் எழுதப் போனான். சார் தடுத்து, பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் வீட்டில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். டிரங்குப் பெட்டிக்கு அடியில் பாஸ்போர்ட் இருந்தது. முத்திரையில் 1982. 1986 என்பது முகாம், கூலி வேலை எல்லாம் கடந்து இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த வருஷம். தாத்தாவைப் பொறுத்தவரை வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான். பையன் இரண்டு வருஷத்தையும் எழுதினான். நடுவில் இருந்த நாலு வருஷம் அவனுக்கு அடுத்த கேள்வியாயிற்று.

கேட்டதை எழுத்தாக்குவது பொறுமையைச் சோதிக்கும். பத்து நிமிடப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுத ஒரு பிள்ளைக்கு ஒரு பிற்பகல் ஆகிவிடும். எனவே முழுவதையும் எழுதுவதில்லை. முதலில் எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்று பட்டியல், பிறகு அதில் ஒரே ஒரு சம்பவத்தைத் தேர்ந்து அதை மட்டும் அப்படியே எழுதுவது. அந்த ஒரு சம்பவம்தான் ஒரு பக்கக் கதையாகும்.

இங்கே பள்ளிக்கூடப் பழக்கம் குறுக்கே நிற்கும். முன்னுரை என்று தலைப்பிட்டு, "எங்கள் பாட்டி மிகவும் அன்பானவர்" என்று தொடங்கி, முடிவுரையில் "நாமும் அவர் வழி நடப்போம்" என்று முடிப்பார்கள். "அது பரீட்சைக்குடா, மார்க்கு வரும். இது புத்தகத்துக்கு" என்பார் சார். முதல் வரியில் ஒரு பொருளோ இடமோ வர வேண்டும். ஒரு பிள்ளை, தாத்தா மடியில் சுற்றிக் கொண்டுவந்த கவ்வாத்துக் கத்தியிலிருந்து தொடங்கினாள். இங்கே செடி வெட்டுகிற வேலை கிடைத்தது அந்தக் கத்தியால்தான். குடும்பம் எப்படிப் பிழைத்தது என்பது அவள் விளக்காமலே புரிந்தது.

திருத்துவதிலும் சாருக்கு ஒரு வரம்பு உண்டு. பிள்ளையின் வாக்கியத்தில் ஒற்றுப்பிழை இருந்தால் திருத்துவார். பெரியவர் பேசியதில் கை வைக்கமாட்டார். 'கோச்சியில ஏறினோம்' என்பது 'ரயிலில் ஏறினோம்' ஆகக் கூடாது. 'பசிச்சுது' என்று கிழவி சொன்னது 'பசியால் வாடினோம்' என்று ஆனால், அந்த இடத்துக்குக் கீழே கோடு போட்டு, "இது யாரு பேசுறது?" என்று ஓரத்தில் எழுதிவிடுவார்.

வகுப்பில் எல்லோரும் சிலோன் வழியினர் அல்ல. கேரளத்திலிருந்து நிலம் தேடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் உண்டு. இந்த மண்ணிலேயே தலைமுறைகளாகப் பண்ணைக்கு அடிமை வேலை செய்த பணியர் பழங்குடி வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. பணியர் வீட்டுச் சிறுமி பாட்டியிடம் அவர்கள் பேச்சிலேயே கேட்டுப் பதிந்தாள். முக்கியமான இரண்டு மூன்று வரிகளை அந்த மொழியிலேயே தமிழ் எழுத்தில் எழுதி, மீதியைத் தமிழில் சொன்னாள். யார் முதலில் வந்தார்கள், யார் காட்டை வெட்டினார்கள் என்ற பேச்சு அந்த அறையிலும் வரத்தான் செய்யும். ஒருவர் கதையை வைத்து இன்னொருவர் கதையை மறுக்கக் கூடாது என்பது விதி. போட்டியும் பரிசும் கிடையாது. தாத்தா பாட்டி இல்லாத பிள்ளை, வீட்டைப் பற்றிப் பேச விரும்பாத பிள்ளை, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எழுதக் கூடாதவையும் உண்டு. ஒப்பந்தம் ஒரே குடும்பத்தைக் கூட இரண்டாக்கியது. அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று பிரிந்து, பிறகு பார்த்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். அந்த இடம் வரும்போது பேசுகிறவர் கையை உயர்த்தினால் பதிவை நிறுத்த வேண்டும். பதிவான பிறகு "அதை எடுத்துடு கண்ணு" என்றாலும் எடுத்துவிட வேண்டும். நல்ல கதை போகிறதே என்று எனக்குக் கை பரபரக்கும். சார் ஒலிக்கோப்பை அழிப்பதைப் பிள்ளையின் கையாலேயே, பெரியவர் கண்ணெதிரிலேயே செய்ய வைப்பார். அதற்குப் பிறகு அந்தப் பெரியவர் மற்றவற்றைத் தாராளமாகப் பேசுவார்.

அச்சுக்குப் போகும் முன் கடைசி வேலை, எழுதியதைச் சொன்னவரிடமே வாசித்துக் காட்டுவது. ஒரு சிறுமி, கோச்சி புறப்பட்டபோது அம்மாயி கதறி அழுததாக எழுதியிருந்தாள். அம்மாயி நிறுத்தினார். "நான் எங்க அழுதேன்? எங்கம்மா அழுதுச்சு. எனக்கு எட்டு வயசு, கோச்சியில போறோம்னு ஒரே சந்தோசம்." சிறுமிக்கு முகம் சுருங்கிவிட்டது. அழுகை இருந்தால்தான் கதை என்று அவள் நினைத்திருந்தாள். திருத்தி எழுதிய பக்கத்தில் அம்மா அழுகிறாள், மகள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வருகிறாள். எல்லோருக்கும் தெரிந்த சோகம் போய், அந்த வீட்டுக்கு மட்டுமே சொந்தமான ஒரு பயணம் வந்தது. முதல் பிரதி வீட்டுக்கு, அடுத்தது பள்ளி நூலகத்துக்கு என்ற வரிசையும் இதனால்தான். கதை முதலில் சொன்னவர் கையில் சரியாக இருக்க வேண்டும்.

இந்த முறை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை என்னிடம் விட்டிருக்கிறார் சார். இங்கே தேயிலை வைத்த முதல் வருஷங்களைப் பற்றிக் கேட்கப் போகிறார்கள்: காடு வெட்டியது, நாற்று வளர்த்தது, யானைக்குப் பயந்து இரவில் தீ மூட்டியது. கேள்விகளை எழுதி வரச் சொன்னேன். "தேயிலைத் தோட்டம் உருவான வரலாறு யாது?" என்று ஒருவன் எழுதியிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, நான் வாய் திறக்கும் முன்பே சொன்னாள்: "அப்பிடிக் கேட்டா கஷ்டம்னுதான் சொல்லுவாங்க. மொத நாளு கையில என்ன குடுத்தாங்க, மம்பட்டியா கத்தியான்னு கேளு."