வடமதுரையில் ஒரு சிவப்பு எண்ணெய்

திருச்சி ரோட்டில் அய்யலூரைத் தாண்டினால் வடமதுரை. சௌந்தரராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு டீ குடிக்க நிற்பவர்கள் பலர். நண்பரின் பழைய ஆட்டோமேட்டிக் கார் நின்ற காரணம் வேறு. ‘டி’யில் போட்டால் யோசித்து யோசித்துக் கிளம்பியது.

ரோட்டோர மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். நண்பர் சாவியைத் திருகப் போக, "நிறுத்தாதீங்க சார்! இன்ஜின் ஆயிலைத்தான் நிறுத்திட்டுப் பாக்கணும். இது ஓடும்போதுதான் உண்மையைச் சொல்லும்" என்றார். (சில வண்டிகளில் நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கம்பெனி கொடுத்த புத்தகத்தைப் புரட்டிக்கொள்ளுங்கள்.)

சமதரை, ஹேண்ட் பிரேக், சூடேறிய இன்ஜின். பிரேக்கை மிதித்தபடி கியரை ஒரு ரவுண்டு அனுப்பி ‘பி’க்குத் திரும்பியாச்சு. அளவுகுச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். நிறம் சிவப்புதான். அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே.

"பழுப்பாகி, கருகல் வாசனை வந்தாத்தான் பர்ஸ் காலி. ஆனா இது எரிஞ்சு தீர்ற எண்ணெய் இல்லே சார். எங்கேயோ ஒழுகுது. திண்டுக்கல் போனதும் முதல் வேலையா அதைப் பாருங்க."

சரியான ரக ஆயில்தானா என்று டப்பாவைப் படித்துவிட்டு, குச்சிக் குழாயிலேயே புனல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். கூடினால் நுரைக்கும்; நுரைத்தால் கியர் வழுக்கும்.

2014-ல் மாருதி செலேரியோவோடு வந்த ஏ.எம்.டி. வண்டிக்காரர்கள் இந்தக் குச்சியைத் தேட வேண்டாம். உள்ளே இருப்பது சாதா கியர் பாக்ஸ்தான். கிளட்ச் மிதிக்கவும் கியர் மாற்றவும் ஒரு மிஷின் ஆளைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவே!