அளந்து பார்த்த அப்பா

ஆம்பூர் தோல் ஷாப் ஒன்றில் அந்த அப்பாவுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். செலக்‌ஷன் மேசையில் நிற்பவர். ஷூவுக்குப் போகும் தோலை விரித்துப் போட்டு, கழுத்து, முதுகு, வயிறு என்று இடம் மாற்றி மாற்றி கேஜ் வைத்து அளப்பார். 1.2 மில்லிமீட்டர் கேட்டவருக்கு 1.4 போனால் சரக்கு திரும்பி வந்துவிடும். "கண்ணு பொய் சொல்லும், கேஜ் சொல்லாது" என்பது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான வசனம்.

அவருடைய மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஏர் ரைஃபிள் சுடுகிறாள். பள்ளியில் யாரோ ஆரம்பித்து வைத்த ஆசை, மூன்று வருடத்தில் வெறியாகிவிட்டது. வாரம் மூன்று நாள், பள்ளி முடிந்து பஸ் பிடித்து வேலூரில் இருக்கும் ஒரு சின்னப் பயிற்சிக் கூடத்துக்குப் போவாள். அம்மாவின் வளையலை அடகு வைத்து, பழைய வெளிநாட்டு ரைஃபிள் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

மாநிலப் போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கும்போதுதான் பிரச்னை தொடங்கியது. நன்றாகச் சுட்டுக்கொண்டே இருப்பாள். திடீரென்று ஒரு குண்டு மேலே ஏறிவிடும். 10.5, 10.4, 10.6... அப்புறம் 9.4! அடுத்தது மறுபடியும் 10.5.

"பதட்டப்படற பாப்பா. கொஞ்சம் நேரம் எடுத்துக்கோ. துப்பாக்கிய இறக்கி வச்சுட்டு, மூச்சு விட்டு, அப்புறம் சுடு" என்றார் அப்பா. மாஸ்டரும் அதையேதான் சொன்னார்.

அவள் நேரம் எடுத்துக்கொண்டாள். நிலைமை இன்னும் மோசமானது. நிதானமாக நின்று சுட்ட குண்டுதான் மேலே போனது.

மாஸ்டர் அவளுடைய ரைஃபிளை வாங்கி, மளமளவென்று பத்து குண்டு சுட்டுப் பார்த்தார். பத்தும் ஒரே ஓட்டையில் போய் விழுந்தன. "துப்பாக்கி சுத்தமா இருக்கு சார். மனசுதான்" என்று திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு ஆம்பூர் திரும்பும் பஸ்ஸில் அப்பா, "ராத்திரி போன் பார்க்கறத நிறுத்து, எல்லாம் சரியாப் போயிடும்" என்று ஆரம்பித்தார். பள்ளிகொண்டா தாண்டும் வரை அவள் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கு வேணாம்ப்பா. வித்துடு. அம்மா வளையலாவது திரும்ப வரும்."

மறுநாள் தோல் ஷாப்பில் ஒரு சம்பவம். ஷேவிங் மிஷினில் நிற்கும் பையனைச் சூப்பர்வைசர் திட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவன் போட்ட தோல் எல்லாம் தடிமன் அதிகம் என்று குற்றச்சாட்டு. அப்பா கேஜை வாங்கி, தோல் வைக்காமல் மூடிப் பார்த்தார். பூஜ்யம் காட்ட வேண்டிய முள், 0.1-ல் நின்றது. பையன் மேல் தப்பு இல்லை. கேஜ்தான் நகர்ந்திருந்தது.

அந்தப் பையன் முகத்தைப் பார்த்தபோது அவருக்கு பஸ் ஜன்னலோரம் ஞாபகத்துக்கு வந்தது. மகளைத் திட்டினோமே, எதை அளந்து பார்த்துவிட்டுத் திட்டினோம்?

அன்றிரவே மாஸ்டருக்கு போன் செய்தார். "துப்பாக்கிய அளக்கறதுக்கு ஏதாவது வழி இருக்கா மாஸ்டர்?"

"குரோனோகிராஃப்னு ஒண்ணு இருக்கு சார். பெல்லட் போற வேகத்தைச் சொல்லும். நம்ம கூடத்துல இல்ல."

வேகத்துக்கும் குண்டு மேலே ஏறுவதற்கும் என்ன சம்பந்தம்? பதில் மகளின் இயற்பியல் புத்தகத்திலேயே இருந்தது. ஏர் ரைஃபிள் பெல்லட்டின் எடை அரை கிராமுக்குச் சற்று மேல். போட்டி ரைஃபிளில் அது வினாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்பும். இலக்கு 10 மீட்டர் தூரத்தில். அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 17 மில்லிமீட்டர் கீழே இழுத்துவிடும். அந்தச் சரிவுக்கும் சேர்த்துத்தான் சைட்டைத் திருப்பி வைக்கிறார்கள். வேகம் 178 ஆகிவிட்டால் சரிவு பதினைந்தரை மில்லிமீட்டர்தான். அதாவது, குண்டு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் உயரே போய் விழும். அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளியே இரண்டரை மில்லிமீட்டர்தான். மேல் ஓரத்தில் 10.0 விழவேண்டிய குண்டு, 9.4 ஆகிவிடும். கையும் கண்ணும் சரியாக இருந்தாலும் விழும்!

குண்டின் வேகத்தை அளக்கும் கதைக்கு நம் ஊர்ப் பக்கத்தோடு ஒரு தொடர்பு உண்டு. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், 1742-ல் எழுதிய புத்தகத்தில் அதற்கு ஒரு வழி சொன்னார். ஊஞ்சல் மாதிரி தொங்கும் கனமான மரக்கட்டையைச் சுட வேண்டும். குண்டு பாய்ந்ததும் கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதை ஒரு ரிப்பனை வைத்து அளந்து, அதிலிருந்து வேகத்தைக் கணக்குப் போட வேண்டும். பின்னால் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கோட்டைகளைச் சீரமைக்கும் பொறியாளராக இங்கே அனுப்பியது. 1750-ல் வந்தவர், மறு வருடமே கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார். அவர் வருவதற்கு ஒரு வருடம் முன்புதான், 1749-ல் நடந்த ஆம்பூர் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் உயிரிழந்திருந்தார். அதே கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன்தான் பின்னாளில் ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார்.

இன்றைக்கு மரக்கட்டை வேண்டாம். ஆனால், எந்தக் கருவியை வாங்குவது? அப்பாவும் மகளும் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினார்கள்.

முதலாவது, வெளிச்சத்தில் வேலை செய்யும் பெட்டி. முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டு உணர்கண்கள். மேலே வெள்ளை மூடிகள். குண்டு கடக்கும்போது விழும் நிழலை வைத்து நேரத்தைக் கணக்கிடும். விலை குறைவு. ஆனால், திறந்த வெளிக்குத்தான் தோது. கூடத்துக்குள் எரியும் டியூப் லைட் நம் கண்ணுக்குத் தெரியாமல் வினாடிக்கு நூறு முறை துடிக்கும். பெட்டி அதையும் குண்டு என்று நினைத்துக் குழம்பும்.

இரண்டாவது, ரேடார். சோப்புப் பெட்டி அளவில், துப்பாக்கியின் பக்கத்தில் வைத்தால் போதும். எதன் வழியாகவும் சுட வேண்டியதில்லை. 2023-ல் கார்மின் கம்பெனி கொண்டுவந்த சிறிய ரேடார் அப்படிப்பட்டது. வெளிவந்தபோது அமெரிக்காவிலேயே அதன் விலை 600 டாலர். வரியும் கூரியரும் சேர்ந்தால்? அம்மா தன் இன்னொரு கை வளையலைப் பார்த்தார். அப்பா அந்தப் பக்கத்தின் மேல் கோடு போட்டார்.

மூன்றாவது, டிபன் பாக்ஸ் அளவில் ஒரு சின்னக் குகை. உள்ளே தன் சொந்த அகச்சிவப்பு வெளிச்சம். வெளியே டியூப் லைட் எரிந்தாலும் பாதிப்பு குறைவு. ஸ்டாண்டில் மாட்டி, குண்டை அதன் நடுவாகச் செலுத்த வேண்டும். குறி தவறினால் கருவி உடையும். விலை ரேடாரில் ஒரு பங்குதான்.

"பத்து மீட்டர்ல புள்ளியடிக்கிற பொண்ணு, இந்த ஓட்டை வழியா அடிக்க மாட்டியா?" என்றார் அப்பா. பல நாள் கழித்து அவள் சிரித்தாள்.

கருவி வந்ததும் அவள் உடனே தன் ரைஃபிளை எடுத்தாள். அப்பா தடுத்தார். "முதல்ல கருவிய அளப்போம் கண்ணு."

மாஸ்டரின் ரைஃபிளில் ஆரம்பித்தார்கள். கோட்டுக்கு முன்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, குழல் வாயிலிருந்து ஓரடி தள்ளி ஸ்டாண்டை நிறுத்தி, நேர்கோட்டில் இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தார்கள். ஒரே டப்பா பெல்லட். பத்து குண்டும் 170-க்கும் 172-க்கும் நடுவே. ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டுச் சுட்டபோதும் 172. கருவி ஒரே மாதிரி பேசுகிறது என்று தெரிந்தது.

பிறகு மகளின் ரைஃபிள். மாஸ்டர் சுட்ட மாதிரியே மளமளவென்று பத்து. 169, 170, 169, 168... குறையே இல்லை. "பார்த்தீங்களா சார்?" என்றார் மாஸ்டர்.

"இப்ப நான் சொன்ன மாதிரி நேரம் எடுத்துச் சுடட்டும் மாஸ்டர்."

ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். அவள் சுட்டாள்.

178.

அடுத்தது உடனே. 170. பத்து நிமிடம் கழித்து ஒன்று. 180.

யாரும் பேசவில்லை. மாஸ்டர்தான் முதலில் தலையில் கை வைத்தார். "ரெகுலேட்டர்!"

இந்த வகை ரைஃபிளில் சிலிண்டருக்குள் காற்று 200 பார் வரை அழுத்தத்தில் இருக்கும். அதை அப்படியே விடாமல், ஒவ்வொரு குண்டுக்கும் குறிப்பிட்ட அளவு அழுத்தத்தில் பிரித்துக் கொடுப்பது ரெகுலேட்டர். அதன் சீல் தேய்ந்துவிட்டால், மூடிய குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவது மாதிரி காற்று மெல்ல மெல்லக் கசிந்து முன்னறையில் சேரும். வேகமாகச் சுட்டால் தெரியாது. எவ்வளவு நேரம் காத்திருக்கிறோமோ, அவ்வளவு அழுத்தம் ஏறும். நிதானமாக இருந்தவளுக்குத்தான் தண்டனை!

சட்டத்துக்கும் இந்த எண் தேவைப்படும் என்று மாஸ்டர் விளக்கினார். 2016 ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேல் ஆற்றலோ 4.5 மில்லிமீட்டருக்கு மேல் குழல் விட்டமோ இருந்தால் ஏர் கன்னுக்கும் உரிமம் வேண்டும். மகள் நோட்டிலேயே கணக்குப் போட்டாள். 0.53 கிராம், 180 மீட்டர்... ஒன்பது ஜூல்கூட வரவில்லை. "பயப்படாதப்பா" என்றாள்.

அப்பா கணக்கைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னைத் திட்டினேன். தப்பு என் மேல பாப்பா. அளக்காமலே சொல்லிட்டேன்."

"நீ மட்டுமா? நானும்தான் என்னை நம்பல" என்றாள் அவள்.

சென்னையில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து சீலை மாற்றினார்கள். திரும்பி வந்ததும், பத்து குண்டு, ஐந்து நிமிட ஓய்வு, மறுபடியும் ஒரு குண்டு. 171. நோட்டில் தேதி போட்டு எழுதினார்கள். இப்போது மாதத்தில் முதல் ஞாயிறு அந்தக் கருவி கூடத்துக்குப் போகிறது. மற்ற பிள்ளைகளின் துப்பாக்கிகளும் அதே நோட்டில் வரிசையாக ஏறுகின்றன.

போட்டியில் அவளுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. அறுபது குண்டில் மூன்று 9.8-க்குக் கீழே போனது. வெளியே வந்ததும், "அந்த மூணும் என்னோடதுப்பா. துப்பாக்கி மேல பழி போட முடியாது" என்றாள். குரலில் அழுகை இல்லை.

அப்பா தலையாட்டினார். நேரம் எடுத்துச் சுடு, போன் பார்க்காதே என்று எதுவும் சொல்லவில்லை. ரைஃபிள் பெட்டியை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "வா, முதல்ல சாப்பிடலாம்" என்றார்.