ஒரு பிளாஸ்ரிக் தட்டும் என்ர ரோசமும்

போன மாரிக்கு முதல் என்ர சைக்கிளில் இருந்த ஒரு பிளாஸ்ரிக் தட்டை வெட்டி எறிந்தேன். அதன் கதைதான் இது.

கியர் சைக்கிள் வைத்திருக்கிற ஆக்கள் கண்டிருப்பியள். பின்சில்லில் பல்லுச்சக்கரங்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவில் வட்டமாக இருக்கும். புதிதில் கண்ணாடி மாதிரி. இரண்டு மூன்று மாரி போனால் மஞ்சளாகி, வெடித்து, கடகடவென்று சத்தம் போடும்.

எங்கட குசினியில் ஒரு பெடியன், சைக்கிள் பைத்தியம். "அண்ணை, உதென்ன சின்னப்பிள்ளையளின்ர சைக்கிள் மாதிரி? ஓடத் தெரிஞ்சவன் உதை வைச்சிருக்கமாட்டான்" என்றான். எனக்கு ரோசம் வந்துவிட்டது. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் மூட்டையும் விறகும் கட்டி ஓடின எனக்கு ஓடத் தெரியாதோ? அண்டைக்கே குறட்டால் வெட்டி எடுத்துவிட்டேன்.

ஆனால் ஒன்றை யோசிக்கவில்லை. நான் ஊரில் ஓடின சைக்கிளுக்குக் கியர் இல்லை. பின்னால் ஒரேயொரு பல்லுச்சக்கரம். செயின் கழன்றால் கையில் கிறீஸைப் பூசிக்கொண்டு மாட்டிவிட்டு ஓடலாம். கியர் சைக்கிளில் அப்படியில்லை. ஏற்றத்துக்கு மாத்தும்போது செயின் உள்பக்கம் இருக்கிற பெரிய சக்கரத்துக்குப் போகும். அதையும் தாண்டினால் நேரே கம்பிக்குள்தான்.

ஒருநாள் எங்கட கட்டிடத்து நிலவறையில் யாரோ என்ர சைக்கிளை வலப்பக்கம் விழுத்திவிட்டார்கள். நிமிர்த்தி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். இரவு ஒரு மணிக்கு வேலை முடிந்து லா கூர்நெவ் நோக்கி வருகிறேன். மழை. கால்வாய்ப் பாலத்து ஏற்றத்தில் கடைசிக் கியரைப் போட்டேன். 'கிறீச்' என்றொரு சத்தம். பின்சில்லு அப்படியே இறுகி நின்றது. நான் றோட்டில் கிடந்தேன். நல்லகாலம், பின்னால் வாகனம் வரவில்லை. எழும்பினவுடன் முதலில் பார்த்தது முழங்காலை இல்லை, கையை. கை முறிந்தால் குசினியில் என்ன வேலை?

அடுத்தநாள் திருத்துகிற கடைக்காரக் கிழவர் காட்டினார். விழுந்ததில் கியர் மாத்திற கை தொங்குகிற துண்டு உள்ளுக்கு வளைந்திருக்கிறது. அதனால் செயின் பெரிய சக்கரத்தைத் தாண்டிக் கம்பியை அறுத்திருக்கிறது, கியர்க் கையும் முறுகிப்போய்விட்டது. பின்சில்லில் வலப்பக்கக் கம்பிகள்தான் கூட இறுக்கம். அறுபட்டதும் அவைதான். செலவு 90 யூரோ. தட்டின் விலை சில யூரோதான்.

பெடியன் சொன்னது முழுப்பிழை என்றும் சொல்லமாட்டேன். 'எல்' என்று எழுதின சின்னத் திருகாணி சரியாக இருந்து, அந்தத் துண்டும் வளையாமல் இருந்தால் செயின் தாண்டாது. பந்தயக்காரர் தட்டு வைப்பதில்லை. அவர்களின் சைக்கிளைப் பார்க்க மெக்கானிக் இருக்கிறார். என்னுடையது நிலவறையிலும் கம்பிவேலியிலும் சாத்திக் கிடந்து, கண்டவன் நிண்டவனிடம் உதை வாங்குவது. அமெரிக்காவில் 1970களில் இருந்தே கியர் சைக்கிளுக்கு இப்படியொரு காவல் வேண்டும் என்று விதி இருக்கிறது. பிழையாகப் பூட்டியிருந்தாலும், அடிபட்டிருந்தாலும் செயின் சில்லை நிறுத்தக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அதாவது, எல்லாம் ஒழுங்காக இருக்கிறவனுக்காக எழுதினதில்லை.

தட்டு எல்லாவற்றையும் காப்பாற்றாது. கியர்க் கை நன்றாக வளைந்தால் தட்டையும் உடைத்துக்கொண்டு போகும். வெடித்துத் தொங்குகிற தட்டாலும் பிரயோசனமில்லை, மாற்றத்தான் வேண்டும். ஆனால் பெரிய சக்கரத்தைவிடக் கொஞ்சம் அகலமான, வெடிப்பில்லாத தட்டு இருந்திருந்தால் அண்டைக்குச் செயின் அதில் வழுக்கியிருக்கும். நான் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

இப்போது புதுத் தட்டுப் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை எனக்கு லீவு. பின்சில்லைத் தூக்கிப் பிடித்து, கையால் பெடலைச் சுத்தி, பெரிய சக்கரம்வரை மாத்திப் பார்ப்பேன். கியர்க் கை கம்பியை நெருங்குதா என்று பின்னால் நின்று கண்ணால் பார்த்தால் தெரியும். இரண்டு நிமிச வேலை.

பெடியன் இன்னும் பகிடிதான் பண்ணுகிறான். பண்ணட்டும். அவன் மெற்றோவில் போய்வருகிறவன்.