முளையும் மொந்தையும்

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையை நான் பலமுறை கற்றிருக்கிறேன். இளம் ஆசிரியர்களுக்குக் கற்பித்தும் இருக்கிறேன். ஆயினும், வலைஞர் குடியிருப்பைப் பாடும் பகுதியில் ஏழு அடிகளை மட்டும் ஒவ்வொரு முறையும் விரைந்து தாண்டிவிடுவேன். சென்ற ஆண்டு வகுப்பொன்றில் இளைஞர் ஒருவர், "ஐயா, இப்பகுதியை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று வினவினார். விடை கூற இயலாமல் நின்றேன்.

காரணம் நூலில் இல்லை. என் இளமையில் இருந்தது. ஜொகூரில், குளுவாங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். சம்பள நாள் மாலையில் எங்கள் லயத்துத் தாய்மார் விளக்கேற்றும் முன்பே வாசலில் வந்து நிற்பர். தோட்டத்துக் கள்ளுக்கடை கூப்பிடு தொலைவில் இருந்தது. என் தந்தையார் பால்மரம் வெட்டி ஈட்டிய வெள்ளி, அம்மாவின் கைக்கு வருமுன் அங்கே பாதியாகிவிடும். ஓராண்டு என் புத்தகங்களுக்காக அம்மா காதுத் தோட்டை அடகு வைத்தார், அது மீளவேயில்லை. 1947-இல் கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்து, காவலரின் தாக்குதலுக்கும் சிறைக்கும் ஆளாயினர் என்று பின்னாளில் படித்தபோது, அம்மாவின் கண்ணீருக்கும் ஒரு வரலாறு உண்டென உணர்ந்தேன்.

ஆனால், அவ்வேழு அடிகள் கூறுவது தென்னங்கள்ளை அன்று. வீட்டில் தானியங்கொண்டு ஆக்கும் மதுவை. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய கலத்தில் ஆற்றி, முளைத்த நெல்லை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்து வடித்தெடுக்கும் முறையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வரிசை பிறழாமல் சொல்கிறார். வந்த பாணனுக்கு வலைஞர் அதனைச் சுட்ட மீனோடு அளிக்கின்றனர். மேனாட்டார் முளைத்த வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து, 'ஏல்' எனும் பீர் ஆக்குவதும் இந்நெறியே. முளையிலுள்ள நொதி மாச்சத்தைச் சர்க்கரையாக்கும். பின்னர் ஈஸ்ட் அச்சர்க்கரையைப் போதையாக்கும்.

அவ்விளைஞருக்கு விடை சொல்ல வேண்டிப் பள்ளி விடுமுறையில் நானே இதனைச் சோதித்தேன். உரிமமின்றி மது ஆக்கச் சட்டம் இடந்தராது. என் மனமும் இடந்தராது. ஆகவே முற்பாதியை மட்டும் செய்தேன். நெல்முளைக்கு மாற்றாக, ஆற்றல் மிகுந்த கேழ்வரகு முளையைக் கொண்டேன். ஒரு நாள் ஊறவைத்து, ஈரத்துணியில் மூன்று நாள் கட்டி, உலர்த்தி இடித்தேன். ஒரு லிட்டர் நீரில் 200 கிராம் அரிசியைக் கஞ்சியாக்கி, சூடு 65 பாகைக்கு இறங்கியதும் 50 கிராம் முளைமாவைக் கலந்து மூடினேன். சற்று நேரத்தில் கெட்டிக் கஞ்சி நீர்போல் இளகியது. ஒரு மணி நேரத்தில் சர்க்கரை சேர்க்காமலே இனித்தது!

எண்பதைக் கடந்த அம்மாவிடம் ஒரு கிண்ணம் கொடுத்தேன். சுவைத்துப் பார்த்துச் சிரித்தார். "முளைகட்டின கஞ்சிதானே தம்பி? உனக்குப் பால் மறக்கடிச்சப்போ இதைத்தான் குடுத்தேன். கல்யாணமான புதுசுல உங்கப்பாவும் வேலை முடிஞ்சு வந்து இதைத்தான் கேப்பாரு" என்றார்.

கள்ளுக்கடைக்கு முன்பும் என் தந்தைக்கு ஒரு மாலைப்பொழுது இருந்திருக்கிறது! ஐம்பது வயதைக் கடந்த பின்பே அதனை அறிந்தேன். விருந்தினர்க்கென்று வீட்டார் சிறிதளவு வார்த்தது வேறு. உழைத்தவன் கூலியைச் சம்பள நாளன்றே வாங்கிக்கொள்ள லயத்தருகே கடை திறந்தது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, நூலின்மீதும் தந்தையின்மீதும் ஒருசேரச் சினந்திருந்தேன்.

இதனால் குடியை நான் நியாயப்படுத்துகிறேன் என எவரும் கருத வேண்டா. இனிய கஞ்சிக்கும் மதுவுக்கும் இடையே உள்ளவை இரண்டே இரவுகள். நான் முதல் மணியோடு நின்றுகொண்டேன். என் மாணவரும் அங்கேயே நிற்க வேண்டுமென விழைகிறேன்.

அடுத்த வகுப்பில் அவ்வேழு அடிகளையும் விடாமல் படித்தேன். தொடர்ந்து, திருக்குறளின் 93-ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையைப் படித்தேன். இறுதியில், எவரும் கேளாமலே, என் தந்தையாரைப் பற்றியும் சொன்னேன்.