சி.வி.யைச் சுருக்கினால் ரெஸ்யூமே ஆகாது

பி.எச்டி. முடிக்கும் தறுவாயில் இருக்கும் நண்பர்கள் நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "கம்பெனிக்கு அப்ளை பண்ணணும்டா, சி.வி.யை எப்படி ரெஸ்யூமேவா மாத்தறது?" ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள் :-)

முதலில் என் நிலவரம். ஊர் குந்தாரப்பள்ளி. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில், பெங்களூர் நெடுஞ்சாலை மேல். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை என்றால் சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். காலையில் ரோட்டோரம் நின்றால் கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். ஓசூர்ப் பக்கம் டிவிஎஸ், டைட்டன், அசோக் லேலண்ட், அவர்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் எத்தனையோ சின்னச் சின்ன பட்டறைகள். இந்தப் பக்கம் போச்சம்பள்ளியில் 2021-ல் வந்த ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலை. இத்தனைக்கும் நடுவில் நான் ஐந்து வருஷமாக வேதியியல் ஆய்வகத்தில் உட்கார்ந்து, இரும்புத் தகட்டில் துரு பிடிக்காமல் இருக்க என்ன பூசலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபெலோஷிப் மார்ச்சோடு முடிகிறது. வீட்டில் மாந்தோப்பு உண்டு. ஆனால் 2025 சீசனில் பெங்களூரா மாங்காய் விலை விழுந்த விழுச்சியில் பறிகூலி கூடத் தேறவில்லை. அப்பா எதுவும் கேட்பதில்லை. கேட்காமல் இருக்கிறாரே, அதுதான் பெரிய கேள்வியாக இருக்கிறது. அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகப் போகலாம், தொகுப்பூதியம்தான். நிரந்தர வேலைக்கான தேர்வு எப்போது வரும் என்று காத்திருந்து வயதைக் கரைத்த சீனியர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆக, கம்பெனி.

என் சி.வி. ஏழு பக்கம். ஏன் ஏழு பக்கம் ஆனது என்று யோசித்தால் காரணம் ரொம்ப எளிது. அது ஒரு மார்க் ஷீட். யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகளில், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் வடிகட்ட ஓர் அட்டவணை போட்டிருந்தார்கள். பி.எச்டி.க்கு 30 மதிப்பெண். ஜே.ஆர்.எஃப். உடன் நெட் என்றால் 7, வெறும் நெட் என்றால் 5. கட்டுரை ஒன்றுக்கு 2, ஆனால் மொத்தம் 10-க்கு மேல் கிடையாது. கற்பித்தல் அனுபவம் வருஷத்துக்கு 2, அதற்கும் உச்சவரம்பு 10. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கும்போது எதையும் விட்டுவிட மனசு வராதில்லையா? கருத்தரங்கில் கலந்துகொண்டது, போஸ்டர் ஒட்டியது, ஒருநாள் பயிலரங்கில் மதியச் சாப்பாடு சாப்பிட்டது வரை எல்லாம் உள்ளே வந்துவிடும். எப்போது எதற்கு மார்க் கொடுப்பார்களோ!

சி.வி. எழுதும்போது நம் மனசில் இருக்கும் ஆள் இந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு டிக் அடிப்பவர். கம்பெனியில் அந்த ஆளே கிடையாது. மேட்டர் இவ்வளவுதான். ஆனால் இது எனக்கு விளங்கியது யோசித்து அல்ல, பெரியம்மா மகள் ஒருவர் மூலமாக. ஓசூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறார். ஏழு பக்கத்தையும் அவர் கையில் கொடுத்து, "இதுல எதெல்லாம் வெக்கலாம், பாத்துச் சொல்லுங்கக்கா" என்றேன்.

அக்கா முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கம் புரட்டினார். அப்புறம் கேட்டார்.

"தம்பி, நீ என்ன வேலை செய்வே?"

"அதான் இருக்கேக்கா, துரு தடுப்புப் பூச்சு பத்தி நாலு பேப்பர்..."

"பேப்பர் இருக்கட்டும்பா. அந்தப் பூச்சு எத்தனை மணி நேரம் தாங்குச்சு?"

ஏழு பக்கத்தில் அந்த எண் எங்கேயும் இல்லை! இதழின் பெயர் இருந்தது. அதன் இம்பாக்ட் ஃபேக்டர் தசமப் புள்ளியோடு இருந்தது. எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று இருந்தது. பூச்சு எத்தனை மணி நேரம் தாங்கியது என்பது ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயத்தில், ஓர் அட்டவணையின் கடைசிப் பத்தியில் கிடந்தது.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் முழு விஷயமும் இதற்குள் இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் பூச்சு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க இம்பீடன்ஸ் அளப்போம். பூசிய தகட்டை உப்புக் கரைசலில் வைத்து, சிறிய மாறுமின்னழுத்தம் கொடுத்து, பூச்சு எவ்வளவு தடுக்கிறது என்று வரைபடம் போடுவது. அழகாக அரைவட்டம் வரும். கட்டுரைக்கு அதுதான் உயிர். தொழிற்சாலையில் அரைவட்டத்தை யாரும் கேட்பதில்லை. அங்கே சால்ட் ஸ்ப்ரே. ஒரு பெட்டிக்குள் பாகங்களைத் தொங்கவிட்டு, 35 டிகிரியில் 5 சதவீத உப்புத் தண்ணீரைப் பனிமூட்டம் மாதிரி அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஏ.எஸ்.டி.எம். பி117 என்று அதற்கு ஒரு தர நியமம். துத்தநாகம் பூசிய போல்ட்டில் எத்தனையாவது மணியில் வெள்ளைத்துரு, எத்தனையாவது மணியில் செந்துரு. வாங்குகிற கம்பெனி இத்தனை மணி நேரம் என்று எழுதியே கொடுத்துவிடும். அதற்கு முன்னால் துரு தெரிந்தால் சரக்கு திரும்பி வரும்.

நானும் அந்தச் சோதனை செய்திருக்கிறேன். சாதாரணப் பூச்சு 96 மணியில் வெள்ளைத்துரு காட்டியது, என்னுடையது 240 மணி தாண்டியது. மூன்றாவது கட்டுரையில் நடுவர் கேட்டார் என்பதற்காகச் சேர்த்த ஒரு வரி அது. ரெஸ்யூமேயில் அதுதான் முதல் வரி. நாலு கட்டுரைகளும் சேர்ந்து ஒரே வரியாகக் கீழே போய்விட்டன. (மனசு வலித்தது. முதல் கட்டுரைக்கு மட்டும் இரண்டு வருஷம்.)

ஆக, சுருக்குவது என்று நினைத்தால் எதை வெட்டுவது என்று உட்கார்ந்து அழ வேண்டியதுதான். ஏழு பக்கத்தில் இல்லாததைத் தேடிப் போட வேண்டும் என்று நினைத்தால் வேலை வேகமாக நடக்கிறது. எனக்குக் கிடைத்தவை சில: பொட்டென்ஷியோஸ்டாட் மூன்று முறை கெட்டபோது சர்வீஸ் ஆளோடு கூட நின்று சரிசெய்தது. ரசாயனம் வாங்க மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பிட்டு அட்டவணை போட்டு, ஆடிட் வரும்போது பதிவேட்டைக் காட்டியது. புதிதாக வந்த எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு அமிலத்தை எப்படிக் கையாள்வது என்று சொல்லிக்கொடுத்தது. இதற்கெல்லாம் எந்த அட்டவணையிலும் ஒரு மார்க் கூடக் கிடையாது. "இதையெல்லாம் ஏன்டா சொல்லவே இல்ல?" என்று அக்காவுக்கே ஆச்சரியம்.

இன்னொரு அதிசயம் மொழி. சி.வி.யின் கடைசிப் பக்கத்தில் 'தெரிந்த மொழிகள்' என்று ஒரு ஓரத்தில் இருந்தது. எங்கள் பக்கம் வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று, பஸ்ஸில் ஒன்று என்று தமிழும் தெலுங்கும் கன்னடமும் தானாக வந்துவிடும். அதைத் திறமை என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை. ஷாப் ஃப்ளோரில் மூன்று மொழிக்காரர்களும் இருக்கிறார்கள், மேலே கொண்டுவா என்றார் அக்கா. கொண்டுவந்தேன்.

இப்போது கஷ்டமான கேள்வி. பி.எச்டி.யை எழுதலாமா, மறைக்கலாமா? மறைக்கச் சொல்பவர்கள் நிறைய. "ஓவர் குவாலிஃபைட்னு தூக்கிப் போட்டுடுவாங்க, எம்.எஸ்சி. மட்டும் போடு." இப்படிப் போட்டு வேலைக்குப் போன சீனியரை எனக்குத் தெரியும், அவர்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வீட்டு நிலவரம் அப்படி. ஆனால் கணக்குப் பார்த்தால் அது ஒத்துவரவில்லை. எம்.எஸ்சி.க்குப் பிறகு ஐந்து வருஷம் காணாமல் போகிறது. அந்த இடைவெளிக்கு ஒரு கதை சொல்ல வேண்டும், அந்தக் கதையைக் காப்பாற்ற இன்னொரு கதை. போதாக்குறைக்கு 240 மணி நேரம் என்ற அந்த ஒரே நல்ல வரியும் அந்த ஐந்து வருஷத்துக்குள்தான் இருக்கிறது. நான் எழுதினேன், ஆனால் படிப்பாக மட்டும் இல்லாமல் வேலையாகவும். 'ஆய்வாளர், அரிமானத் தடுப்பு ஆய்வகம், 5 ஆண்டுகள்' என்று அனுபவத்தின் கீழ். பட்டம் கல்வியின் கீழ் ஒரு வரி. பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அதைப் பார்த்துத் தூக்கிப் போடுகிறவர்கள் இப்போதே போடட்டும். சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் தெரிந்து கேட்டால் என்ன பதில் சொல்வது?

இதில் நமக்கு ரொம்பப் பெரிய முன்னோடி ஒருவர் உண்டு. 1482 வாக்கில், முப்பது வயது லியனார்டோ டா வின்சி மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். அதன் வரைவு இன்றும் இருக்கிறது. சுலபமாகத் தூக்கிப் போகும் பாலம் கட்டுவேன், முற்றுகையில் அகழியை வற்றவைப்பேன், பீரங்கி செய்வேன், மூடிய வண்டி செய்வேன் என்று எண் போட்டு அடுக்குகிறார். யாரிடம் படித்தேன் என்ற பேச்சே இல்லை. கட்டடமும் கால்வாயும் சமாதானக் காலத்துக்கு என்று பின்னால் வருகின்றன. ஓவியம் அதற்கும் பின்னால்! லியனார்டோவுக்கே ஓவியம் இவ்வளவு பின்னால் என்றால், என் நாலு கட்டுரைகள் கீழே போனதற்கு நான் ரொம்ப அழக்கூடாது. ஆனால் ஒன்று, அவர் சொன்னதில் எவ்வளவு செய்து பார்த்தது, எவ்வளவு செய்துவிடலாம் என்ற நம்பிக்கை என்பது வேறு கதை. அதைப் பின்பற்ற வேண்டாம். 'குழுவைத் தலைமை தாங்கினேன்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இரண்டு எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு வழிகாட்டினேன் என்றால் அப்படியே எழுதுங்கள். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

சில்லறை விஷயங்கள்: அப்பா பெயர், சாதி, மதம், திருமண நிலை எதுவும் வேண்டாம். அது பயோடேட்டா, கல்யாணத் தரகருக்கு. 'மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதி கூறுகிறேன்', இடம், நாள், கையெழுத்து, எல்லாம் போகட்டும். கட்டம் போட்ட அட்டவணையும் இரட்டைப் பத்தியும் தவிர்க்கலாம், பெரிய கம்பெனிகளில் முதலில் படிப்பது மென்பொருள், அதற்குக் குழம்பிவிடும். விளம்பரத்தில் 'கோட்டிங்' என்று இருந்தால் நீங்களும் 'கோட்டிங்' என்றே எழுதுங்கள். பக்கம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

ஏழு பக்க சி.வி.யை நான் அழிக்கவில்லை. தனி ஃபோல்டரில் இருக்கிறது, அடுத்த கட்டுரை வந்தால் எட்டாம் பக்கம் தொடங்கும். ரெஸ்யூமே இதுவரை ஒன்பது இடத்துக்குப் போயிருக்கிறது. இரண்டு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள், ஒன்று முலாம் பூசும் பட்டறை, இன்னொன்று பெயிண்ட் ஷாப் தரக் கட்டுப்பாடு. முதலாவது வருகிற வெள்ளிக்கிழமை. சந்தை நாள், பஸ்ஸில் ஆட்டோடுதான் போக வேண்டியிருக்கும்.

இயற்பியல், தாவரவியல் நண்பர்களுக்கு என் ரெஸ்யூமே அப்படியே பொருந்தாது. உங்கள் துறையில் அந்த 'எத்தனை மணி நேரம்' என்னவென்று உங்கள் ஆய்வேட்டிலேயே தேடிப் பாருங்கள். மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், பெயரை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.