முதலில் பெல்லோஸைப் பாருங்கள்

கரையான்சாவடி சந்திப்பில் இறங்கி, மெட்ரோ தூண்களைத் தாண்டி உள்ளே திரும்பினால் ஒரு பெரியவரின் பட்டறை. பட்டறை என்றால் வீட்டின் முன்னறைதான். ஸ்டூடியோக்களில் காலம் கழித்தவர், இன்று பழைய பிளேட் கேமராக்களுக்கு வைத்தியம் பார்க்கிறார். கோபுரங்களைப் படமெடுக்க ஒரு ஃபீல்டு கேமரா தேடிப் போயிருந்தேன். அரைபிளேட் ஒன்று, 4×5 ஒன்று என இரண்டை எடுத்து வைத்தார். என் கை லென்ஸுக்குப் போனது.

"லென்ஸை எப்ப வேணா மாத்திக்கலாம் தம்பி. மொதல்ல பெல்லோஸைப் பாரு."

கதவைச் சாத்தினார். கேமராவின் மடிப்புத் துருத்தியான பெல்லோஸை முழுக்க இழுத்துவிட்டு உள்ளே டார்ச்சைப் போட்டார். மடிப்பின் மூலைகளில் ஊசிமுனை வெளிச்சம் இரண்டு மூன்று இடத்தில் எட்டிப் பார்த்தது. அத்தனையும் ஃபிலிமைப் பாழாக்கும் ஓட்டை. ஓரிரண்டு என்றால் கருப்புத் துணி ஒட்டிச் சரிசெய்துவிடுவாராம். தோல் காய்ந்து எல்லா மூலையும் விட்டிருந்தால் புதிதாகத்தான் செய்ய வேண்டும்: உள்ளே கருப்புத் துணி, வெளியே மெல்லிய தோல், நடுவே அட்டைப் பட்டைகள். பட்டைகளுக்கு இடையே விடும் சந்து ஒரு நூல் பிசகினாலும் பெல்லோஸ் மடங்காது. பசை காயுமுன் ஒவ்வொரு மடிப்பையும் விரலால் கிள்ளிக் கிள்ளி எடுக்கிறார். இதற்கு இயந்திரம் எதுவும் அவரிடம் இல்லை.

ஆர்மோனியத்துக்குத் துருத்தி கட்டிய கைக்கு இது புதிதல்ல. ஆலப்புழையில் இசைக்கருவி பழுதுபார்க்கும் கடை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த கருணாகரன், 1940களில் 'வாகீஸ்வரி' என்ற மரக் கேமராவைச் செய்யத் தொடங்கியது அந்தத் தேர்ச்சியால்தான். பழைய ஸ்டூடியோக்காரர்களுக்கு அந்தப் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, ஃபோகஸ் பார்க்கும் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸ். உடைந்ததை மாற்றியவர்கள் பலர் சொரசொரப்பான பக்கத்தை வெளியே வைத்துவிடுகிறார்கள். அது லென்ஸைப் பார்த்துதான் இருக்க வேண்டும். 4×5 ஹோல்டரில் ஃபிலிம் சுமார் 5 மில்லிமீட்டர் ஆழத்தில் உட்காரும். கண்ணாடியும் அதே ஆழத்தில் இல்லையென்றால் எவ்வளவு ஃபோகஸ் செய்தும் பயனில்லை. ஸ்கேலைக் குறுக்கே வைத்து இரண்டையும் அளந்து காட்டினார்.

கோபுரம் எடுக்கிறவன் கேமராவை அண்ணாந்து பார்க்க வைக்கக் கூடாது. உடலை நிமிர்த்தி வைத்து, லென்ஸ் பலகையை மட்டும் உயர்த்த வேண்டும். பலகையை உயர்த்தித் திருகை இறுக்கி விரலால் அழுத்தினேன். அரைபிளேட் கேமராவில் மெல்ல வழுக்கியது. பித்தளை மின்னும் அழகான கேமரா அது. ஆனால் அந்த அளவு ஃபிலிம் தனியாகச் சொல்லி வரவழைத்தால்தான் உண்டு. 4×5 ஃபிலிமை இல்ஃபோர்டும் கோடாக்கும் இன்றும் விற்கின்றன. நிறம் மங்கிய 4×5-ஐயே எடுத்தேன்.

வாங்கப் போகிறவர்கள் டார்ச், ஸ்கேல், ஃபிலிம் ஹோல்டர் மூன்றையும் கையோடு கொண்டு போங்கள். அதற்கும் முன்னால், பெல்லோஸ் கட்டத் தெரிந்த ஒருவரை உங்கள் ஊர்ப்பக்கம் தேடிக் கண்டுபிடித்து, அவருக்கு வேலை கொடுங்கள்.